‘யூஸ்டு டு’: விட்டுப்போன வழக்கமும் விடாத பழக்கமும்

வெளிநாட்டு மருத்துவமனைகளில் வேலைக்குச் செல்ல விரும்பும் செவிலியர்களுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் எழுதும் ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வில் பேச்சுப் பகுதி ஒன்று உண்டு. ஒருவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார்; தேர்வு எழுதுபவர் செவிலியராக அவரிடம் பேச வேண்டும். அதற்கான பயிற்சியின்போது ஒரு மாணவி நோயாளி வேடம் ஏற்றிருந்தார். சர்க்கரைக்கு என்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எதிரே இருந்தவர் கேட்டார். “ஐ யூஸ்டு டு டேக் மெட்ஃபார்மின் டெய்லி” என்று பதில் வந்தது. தினமும் மெட்ஃபார்மின் போடுகிறேன் என்று சொல்வதாக அவருக்கு நினைப்பு. கேட்டவரும் தலையாட்டிவிட்டு, ஒவ்வாமை ஏதாவது உண்டா என்ற அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இருவரும் தமிழர்கள். சொன்னவர் நினைத்தது கேட்டவருக்குப் பிசகாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் மான்செஸ்டரிலோ டப்ளினிலோ ஒரு வார்டில் இதே வாக்கியம் காதில் விழுந்தால், அங்குள்ள செவிலியர் “எப்போது நிறுத்தினீர்கள்?” என்றுதான் கேட்பார். கேட்காவிட்டால் இன்னும் மோசம். மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். அந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பொருள் அதுதான்: முன்பு தினமும் போட்டுவந்தேன், இப்போது போடுவதில்லை.

‘யூஸ்டு டு’ என்பதை அடுத்து ஒரு வினைச்சொல் அப்படியே வந்து நின்றால், அது கடந்த காலத்தில் வழக்கமாக நடந்துவந்த ஒன்றை, அல்லது நெடுநாள் நீடித்த ஒரு நிலையைச் சொல்கிறது. இன்று அது இல்லை என்று வாக்கியத்தில் எந்தச் சொல்லும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனாலும் கேட்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். “ஹி யூஸ்டு டு ஸ்மோக்” என்றால், மனிதர் புகைப்பதை விட்டுவிட்டார் என்று அர்த்தம். “அண்ட் ஹி ஸ்டில் டஸ்” என்று ஒட்டவைத்து, இன்னும் விடவில்லை என்று திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது. திருத்தாமல் விட்டால் விட்டதாகவே நிற்கும். நேர்முகத் தேர்வில் “ஐ யூஸ்டு டு ஹெல்ப் மை கலீக்ஸ்” என்று பெருமையோடு சொல்லும் இளைஞர், சக ஊழியர்களுக்கு உதவுவதைத் தாம் நிறுத்திவிட்டதாகத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். இலக்கணப் பிழை என்று இதை எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. இலக்கணப் பிழையாவது காதை உறுத்தும். இது எந்த உறுத்தலும் இல்லாமல் வேறொரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போகிறது.

படிக்காதவர்கள் செய்யும் தவறு இது என்று நினைக்க வேண்டாம். ஆங்கில வழியில் படித்து, அலுவலகத்தில் நாளெல்லாம் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர்களிடமும் இதைக் கேட்கிறேன். அவர்கள் தமிழில் யோசிக்கும் விதம் அப்படியே ஆங்கிலத்தில் இறங்குவதுதான் காரணம். “தாத்தா சாப்பிட்டதும் வெற்றிலை போடுவார்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா இப்போது உயிரோடு இருக்கிறாரா? வெற்றிலையை விட்டுவிட்டாரா? இன்று மத்தியானமும் போட்டாரா? வாக்கியம் சொல்லவில்லை. முன்னும் பின்னும் உள்ள பேச்சிலிருந்து நாமே தெரிந்துகொள்கிறோம். “அப்போதெல்லாம்” என்று தொடங்கினால் பழைய கதை. “இன்றைக்கும்” என்று தொடங்கினால் நடப்புக் கதை. வினைமுற்று இரண்டுக்கும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ‘போடுவார்’ எதிர்காலம் என்று படித்தோம். பேச்சில் அது பாதி நேரம் வழக்கத்தைச் சொல்லவே பயன்படுகிறது. ‘போடுவதுண்டு’, ‘போடுவது வழக்கம்’ ஆகியவையும் அப்படியே. காலத்தைத் திறந்தே விட்டுவிடுகின்றன.

இது இன்று நேற்று வந்த குணமும் இல்லை. மூன்று காலத்திலும் மாறாமல் நிற்கும் இயற்கையைச் சொல்ல ‘செய்யும்’ என்னும் பொதுவான சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதிக்கிறது. மலை நிற்கும், ஞாயிறு இயங்கும் என்று உரைகள் அதற்கு எடுத்துக்காட்டுத் தருகின்றன. மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். ஒரே சொல் போதும். தாத்தாவின் வெற்றிலையைப் பற்றிச் சொல்லும்போதும் நாம் அந்தப் போக்கில்தான் பேசுகிறோம்.

இப்படிக் காலம் குறிக்காமல் வழக்கத்தைச் சொல்லிப் பழகிய மனம் ஆங்கிலத்துக்குப் போகும்போது, ‘வழக்கம்’ என்ற சொல்லுக்கு நேரான ஒன்றைத் தேடுகிறது. ‘யூஸ்டு டு’ என்றால் வழக்கம் என்று எங்கேயோ படித்தது நினைவுக்கு வருகிறது. எடுத்துப் போட்டுவிடுகிறோம். உண்மையில் இன்றைய வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் மிக எளிய வழி இருக்கிறது. “ஐ டேக் மெட்ஃபார்மின் எவ்ரி மார்னிங்”, அவ்வளவுதான். ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்கால வினையே வழக்கத்தைச் சொல்வதற்கென்று இருப்பது. ஆனால் நம்மவர்களுக்கு அந்த வடிவத்தின் மேல் நம்பிக்கை வருவதில்லை. ‘ஐ டேக்’ என்பது மொட்டையாக, ஏதோ குறைவதுபோல் தோன்றுகிறது. அதனால் சிலர் ‘ஐ யூஸ்டு டு டேக்’ என்கிறார்கள், சிலர் ‘ஐ ஆம் டேக்கிங் டெய்லி’ என்கிறார்கள். வெவ்வேறு பிழைகளாகத் தெரியும் இவை இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் முளைக்கின்றன. என் வகுப்பில் முதல் இரண்டு வாரம் ‘யூஸ்டு டு’வைப் பற்றிப் பேசுவதே இல்லை. அந்த மொட்டையான நிகழ்காலத்தைத் தயக்கமில்லாமல் சொல்ல வைப்பதற்கே அவ்வளவு நாள் தேவைப்படுகிறது.

நடப்பு வழக்கத்துக்கு ‘யூஸ்டு டு’ போடுவது நம்மோடு நிற்கும் விஷயமும் இல்லை. சிங்கப்பூர், மலேசிய ஆங்கிலத்தை ஆராய்ந்த மொழியியலாளர்களும் இதே பயன்பாட்டை அங்கே கண்டு எழுதியிருக்கிறார்கள். அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களே இதை நிகழ்காலத்தில் சொல்லிவந்தார்கள்! ‘யூஸ்’ என்ற வினை பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பயன்படுத்து என்ற பொருளோடு, வழக்கமாகச் செய் என்ற பொருளும் அதற்கு இருந்தது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் 119ஆம் சங்கீதத்தின் 132ஆம் வசனம், உமது நாமத்தை நேசிக்கிறவர்களுக்கு நீர் வழக்கமாகச் செய்வதுபோல் எனக்கும் இரங்கும் என்று கடவுளிடம் மன்றாடுகிறது. அந்த இடத்தில் “ஆஸ் தவ் யூசெஸ்ட் டு டூ” என்று இருக்கிறது. அது நிகழ்கால வடிவம். இரங்குவதைக் கடவுள் நிறுத்திவிட்டார் என்று பொருள் வராது. இன்றும் இரங்கிக்கொண்டே இருக்கிறார். ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1637இல் எழுதிய இரங்கற்பாவிலும் ‘ஆஸ் அதர்ஸ் யூஸ்’ என்று, மற்றவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல என்ற பொருளில், நிகழ்காலத்தில் வருகிறது. பிறகு அந்த நிகழ்கால வடிவம் மெல்ல உதிர்ந்துபோயிற்று. இறந்தகாலம் மட்டும் தனி மரமாக நின்றது. இன்றைய ‘யூஸ்டு டு’ அந்த மிச்சம்தான். இதை வகுப்பில் சொல்லும்போது மாணவிகளின் முகத்தில் ஒரு தெளிவு வருவதைப் பார்க்கிறேன். தாங்கள் செய்தது மடத்தனம் என்ற கூச்சம் போய்விடுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் அது சரி. இப்போது மருந்து விஷயத்தில் ஆபத்து.

இனி இரண்டாவது ‘யூஸ்டு டு’. குழப்பத்தில் பெரும்பங்கு இதனால் வருவது. “ஐ யூஸ்டு டு வொர்க் அட் நைட்” என்பதற்கும் “ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட்” என்பதற்கும் இடையே ‘ஆம்’ என்ற ஒரு துணுக்கும், வினையின் வாலில் ஓர் ‘இங்’கும்தான் வித்தியாசம். பொருளோ எதிர் எதிராகக்கூடப் போகும். முதல் வாக்கியத்தைச் சொன்னவர் இரவு வேலையை விட்டுவிட்டவர். இரண்டாவதைச் சொன்னவருக்கு இரவு வேலை பழகிப்போயிருக்கிறது, கொடுத்தால் செய்வார்.

ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டுத் திண்டாடுகிறது. தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: வழக்கம், பழக்கம். ‘பழக்கவழக்கம்’ என்று சேர்த்தே சொல்லிச் சொல்லி இரண்டும் ஒன்று என்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. பிரித்துப் பாருங்கள். ஒருவர் திரும்பத் திரும்பச் செய்வது வழக்கம். திரும்பத் திரும்பச் செய்ததால் அவரது உடலிலும் மனத்திலும் படிந்துவிட்டது பழக்கம். செந்தமிழும் நாப்பழக்கம் என்கிறோம், நாவழக்கம் என்பதில்லை. ஆண்டுதோறும் ஆடியில் குலதெய்வக் கோயிலுக்குப் போவது குடும்ப வழக்கம். அதைக் குடும்பப் பழக்கம் என்று சொல்ல நாக்கு வராது. தன்னை அடுத்து வினையை அப்படியே நிறுத்தும் ‘யூஸ்டு டு’ நம் வழக்கம், அதுவும் விட்டுப்போன வழக்கம். முன்னால் ‘ஆம், இஸ், ஆர்’ சேர்ந்து வரும் ‘யூஸ்டு டு’ நம் பழக்கம். இந்தப் பிரிவினையைச் சொன்ன நாளிலிருந்து என் வகுப்பில் இந்தக் குழப்பம் பாதியாகக் குறைந்தது.

வழக்கம் என்ற சொல்லின் வேரும் இங்கே கவனிக்கத்தக்கது. அது ‘வழங்கு’ என்பதிலிருந்து வந்தது. ஒரு சொல் ஊரில் வழங்குகிறது என்றால் புழக்கத்தில் இருக்கிறது, பயன்படுகிறது என்று பொருள். “வழக்கும் செய்யுளும்” என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் வழக்கும் மக்களிடையே பயன்பாட்டில் உள்ள மொழிதான். பயன்பாட்டைக் குறித்த சொல்லே வழக்கத்தையும் குறிக்க வந்தது ஆங்கிலத்திலும் நடந்திருக்கிறது, தமிழிலும் நடந்திருக்கிறது. ஒன்றையொன்று பார்க்காமலேயே இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருப்பதைக் காணும்போது எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

பழக்கத்தைச் சொல்லும்போது வினையின் வாலில் ‘இங்’ ஏன் வருகிறது என்ற கேள்விக்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. “குளிருக்குப் பழகிவிட்டேன்” என்கிறோம். அந்த ‘க்கு’தான் ஆங்கிலத்தின் ‘டு’. நான்காம் வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லின் மேல்தான் ஏறும். “ஐ ஆம் யூஸ்டு டு த கோல்ட்”: குளிருக்கு. வினையை அந்த இடத்தில் வைக்க வேண்டுமானால் முதலில் அதைப் பெயராக்க வேண்டும். ‘எழு’ என்பதை ‘எழுவது’ ஆக்கி, அதன்மேல் உருபை ஏற்றி ‘எழுவதற்கு’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘வேக்’ என்பதைப் பெயராக்கும் வேலையைச் செய்வது ‘இங்’. “ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அப் அட் ஃபோர்”: நான்கு மணிக்கு எழுவதற்குப் பழகிவிட்டேன். பேச்சில் நாம் “எழுந்து எழுந்து பழகிவிட்டது” என்றுதான் சொல்வோம் என்பது உண்மை. ஆனாலும் அந்த ‘எழுவதற்கு’ என்ற வடிவத்தை ஒருமுறை மனத்தில் வைத்துப் பார்த்தால், ‘இங்’ எங்கிருந்து வருகிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வழக்கத்துக்கு இறந்தகாலம் ஒன்றுதான். பழக்கத்துக்கு அந்தக் கட்டு கிடையாது. நேற்றும் பழகியிருந்தேன், இன்றும் பழகியிருக்கிறேன், நாளையும் பழகிக்கொள்வேன். ‘ஆம்’ இருக்கும் இடத்தில் ‘கெட்’ போட்டால், பழகிய நிலை மாறிப் பழகிக்கொண்டிருக்கும் நிலை வந்துவிடும். விடுதிக்குப் புதிதாக வந்து முதல் இரவு அழும் பிள்ளையிடமும், புகுந்த வீட்டில் சாம்பாரின் ருசி பிடிக்காமல் தவிக்கும் பெண்ணிடமும் “போகப் போகப் பழகிவிடும்” என்று சொல்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் “யூ வில் கெட் யூஸ்டு டு இட்”. இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு அமைவது அபூர்வம்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது; அது வெறும் பயன்பாடு. “மில்க் இஸ் யூஸ்டு டு மேக் கீ” என்றால் நெய் எடுக்கப் பால் பயன்படுகிறது என்று பொருள். இங்கே ‘மேக்’ என்பதை ‘மேக்கிங்’ ஆக்கிவிட்டால், நெய் எடுத்துப் பால் பழகிவிட்டது என்றாகிவிடும். எழுத்தில் மூன்றும் ஒரே உருவத்தில் இருப்பதுதான் சிக்கல். ஆனால் காதுக்கு ஒரு வித்தியாசம் கேட்கும். பயன்படுத்தியது என்ற பொருளில் வரும்போது நடுவில் உள்ள மெய், தேனீயின் ரீங்காரம்போல் தொண்டை அதிர ஒலிக்கும். வழக்கத்துக்கும் பழக்கத்துக்கும் வரும்போது அந்த அதிர்வு இல்லாமல், பாம்பு சீறுவதுபோல் ‘ஸ்’ என்று மட்டும் வரும். அதோடு இரண்டு சொற்களும் ஒட்டி ‘யூஸ்டு’ என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். “திஸ் இஸ் த பென் ஐ யூஸ்டு டு ரைட் வித்” என்று சீறும் ஒலியோடு ஒருவர் சொன்னால், முன்பெல்லாம் நான் எழுதிவந்த பேனா இது என்று பொருள். தமிழ் எழுத்தில் அந்த அதிரும் ஒலிக்கு இடமில்லை; நம் பேச்சிலும் இல்லை. அதனால் நாம் இரண்டையும் ஒரே மாதிரி கேட்கிறோம், ஒரே மாதிரி சொல்கிறோம். செவிலியர்களிடம் நான் செய்யச் சொல்வது இதுதான்: தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள அந்த மெய்யைச் சொல்லும்போதும் விரலில் அதிர்வு தட்டினால் அது பயன்பாடு. தட்டாவிட்டால் வழக்கமோ பழக்கமோ.

பழைய நாட்களைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘வுட்’ என்ற இன்னொரு சொல்லும் உண்டு. பாட்டி சாயங்காலம் ஆனால் திண்ணையில் வந்து உட்காருவார், எங்களைக் கூப்பிடுவார், கதை சொல்வார் என்று நாம் அடுக்கிக்கொண்டே போகிறோமே, அதற்கு ‘வுட்’ அழகாகப் பொருந்தும். முதல் வாக்கியத்தில் ‘யூஸ்டு டு’ போட்டுக் காலத்தை நிறுவிவிட்டு, பிறகு வரும் வாக்கியங்களை ‘வுட்’ வைத்து ஓட்டுவது ஆங்கிலேயர் வழக்கம். ஆனால் செயலுக்குத்தான் அது. நிலைத்திருந்த ஒன்றுக்கு ஆகாது. “எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கும்” என்று தமிழில் பழைய வீட்டை நினைத்துச் சொல்லலாம். ‘இருக்கும்’ என்பது அங்கே தாராளமாக வேலை செய்கிறது. அதை அப்படியே ‘தேர் வுட் பி எ வெல்’ என்று கொண்டுபோக முடியாது. “தேர் யூஸ்டு டு பி எ வெல்” என்றுதான் சொல்ல வேண்டும். இந்தத் ‘தேர் யூஸ்டு டு பி’ ஆங்கிலத்தில் எனக்கு மிகவும் பிடித்த சொற்றொடர். கிணறு இருந்தது, இப்போது தூர்ந்துவிட்டது; ஊரில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது, இப்போது அங்கே கல்யாண மண்டபம். இரண்டு காலங்களையும் ஒரே மூச்சில் பிடித்துவைக்கிறது.

கணக்கிட்ட காலத்தோடு மட்டும் இது சேராது. “ஐ யூஸ்டு டு வொர்க் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்” என்று எழுதுகிறார்கள். ‘ஐ வொர்க்டு’ என்பதே சரி. இதிலும் நம் காதே வழிகாட்டும். “அப்போது அங்கே வேலை செய்வேன்” என்றால் பழைய வழக்கமாகக் கேட்கிறது. “மூன்று ஆண்டு அங்கே வேலை செய்வேன்” என்று சொல்லிப் பாருங்கள். உடனே அது இனிமேல் நடக்கப்போவதாக மாறிவிடும். அளவு சொன்னதும் வழக்கம் என்ற பொருள் நழுவிவிடுவது இரண்டு மொழிக்கும் பொது. வாரம் மூன்று முறை என்பதுபோல் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததைச் சொன்னால் தடையில்லை.

கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘டிட்’ வந்துவிட்டால் எழுத்தில் கடைசி ‘டி’ போய்விடும். ‘டிட் யூ யூஸ் டு’, ‘ஐ டிட்னாட் யூஸ் டு’. அந்த ‘டி’யை வைத்தே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி ஆங்கிலேயர்களுக்குள்ளேயே சச்சரவு உண்டு. பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் நாம் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மெட்ஃபார்மின் சொன்ன மாணவியிடம் அடுத்த வாரம் ஒரு தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். “என் பாட்டி மார்கழியில் விடிவதற்குள் கோலம் போட்டுவிடுவார்.” பேனாவை எடுத்தவர் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார்.

“பாட்டி இப்போது இருக்கிறார்களா சார்?”

இல்லை, எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்றேன். ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து, “மை கிராண்ட்மதர் யூஸ்டு டு” என்று எழுதத் தொடங்கினார்.